பிலிம் டப்பாவில் மகரந்தம்

கெரிகெரி சனிக்கிழமைச் சந்தைக்கு
எலுமிச்சங்கன்று வாங்கத்தான் போனோம்.
விற்றவர் செரிமோயாவைத் தலையில் கட்டிவிட்டார்.
சீத்தாப்பழத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை,
மலைக்காரி, கொஞ்சம் குளிர் தாங்குவாள் என்றார்.
கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று
ஹோஹெபா கேட்கவில்லை.
நானும்.

ஐந்தாம் வருடம் பூத்தது.
பூவென்று யாராவது சொன்னால்தான் பூ.
பச்சையும் பழுப்புமாய் மூன்று தடித்த இதழ்,
தலைகீழாய், யாரையும் கூப்பிடாமல்.
முதல் நாள் பெண்.
மறுநாள் நாலு மணிக்கு மேல் ஆண்.
தன்னைத் தானே சந்திக்க அதற்கு நேரம் கிடையாது.
சேர்த்துவைக்க அதன் ஊரில் ஒரு வண்டு உண்டாம்.
வண்டு கப்பல் ஏறவில்லை.
ஆகவே நாங்கள்.

அவன் மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறான்.
விடிவதற்கு முன் மூன்றரைக்குக் கிளம்பினால்
சாயங்காலம் நாலுக்கு வீடு.
எனக்கு முதியோர் இல்லத்தில் மூன்றிலிருந்து பதினொன்று.
நான் வரும்போது அவன் உறக்கத்தில்,
அவன் எழும்போது நான்.
எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்தது
மெத்தை மட்டும்தான்.

மாலையில் அவன் ஆண்பூக்களைத் தட்டி
பழைய பிலிம் டப்பாவில் தூளைச் சேர்ப்பான்.
ஃபிரிட்ஜில், வெண்ணெய்க்கும் மீனுக்கும் நடுவே இடம்.
காலையில் நான்
மகன் விட்டுப்போன வாட்டர்கலர் பிரஷ்ஷால்
பெண்பூவின் இதழை விலக்கி
சுற்றிச் சுற்றித் தடவுவேன்.
மூடிமேல் ஒட்டிய காகிதத்தில் அவன் எழுத்து:
பதினோரு பூ. காருக்கு இன்ஷூரன்ஸ் கட்டணும்.
அடியில் என்னுடையது:
கட்டியாச்சு. ஏணியை ஏன் மழையில் விட்டாய்?
எங்கள் கல்யாணத்தின் பெரும்பகுதி
இந்த வட்டத்துக்குள்தான் நடக்கிறது.

வைத்தாங்கி நாள் விடுமுறையில்
இருவரும் வீட்டில் இருந்தோம்.
சண்டை போட நேரம் கிடைத்தது.
அவன் அண்ணன் பெர்த்துக்குக் கூப்பிடுகிறான்,
சுரங்கத்தில் இரண்டு மடங்கு சம்பளம்.
போகலாம் என்றான்.
மரத்தை என்ன செய்வது என்றேன்.
மரத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது
இருவருக்கும் தெரியும்.

மூன்று நாள் டப்பா காலி.
மூடிமேல் காகிதம்கூட இல்லை.
வெறும் பிரஷ்ஷோடு மரத்தடியில் நின்றேன்,
வேலை மறந்த பெயிண்டர் மாதிரி.
பூக்கள் ஆணாகி, புல்லில் விழுந்து, கறுத்தன.
நாலாம் நாள் டப்பாவின் அடியில் துளி மஞ்சள்.
ஒரே பூதான் கிடைத்தது.
அந்தத் துளியை எதற்குக் கொடுப்பது?
சமையலறை ஜன்னலோரம்
கைக்கு எட்டியதற்குக் கொடுத்தேன்.

மற்ற காய்களை மே மாதம்
ஒரு பாஸம் ராத்திரி ராத்திரியாய் வந்து தின்று தீர்த்தது.
ஜன்னலோரத்தது மட்டும் மிச்சம்.

ஜூலையில் உறைபனி வரும் என்றார்கள்.
பதினொன்றரைக்கு வந்து இறங்கினால்
கொல்லையில் டார்ச் வெளிச்சம்.
மூன்றுக்கு எழவேண்டியவன்
கட்டில் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு
மறுமுனைக்கு ஆள் இல்லாமல் நிற்கிறான்.
யூனிஃபார்மோடு போய்ப் பிடித்தேன்.
காய்ந்த துணியை மடிக்கிறவர்கள் போலக்
கிட்டே வந்தோம், விலகினோம், மறுபடி கிட்டே.
விரிப்பு போதவில்லை.
அவன் மழைக்கோட்டு, என் சால்வை,
கடைசியில் ஒரு கூடாரத் துணி.
என்ன பேசினோம் என்று நினைவில்லை.
டார்ச் வெளிச்சத்தில் மூச்சு தெரிந்தது,
இரண்டு புகை.

செப்டம்பரில் பழுத்தது.
ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் சூம்பி,
இடித்து நசுங்கிய பம்பர் மாதிரி.
தூள் எட்டாத பக்கம் வளராது,
அவ்வளவுதான் விஷயம்.
தூள் போதவில்லையா, தடவியது சரியில்லையா?
மூடிமேல் எழுத இடம் இருந்தது.
எழுதவில்லை.

உப்பிய பாதியை
டப்பா இருந்த இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.
திரும்பி வந்து பார்த்தால்
அதிலும் பாதி அப்படியே இருக்கிறது,
கரண்டி செருகியபடி.

கரண்டியைக் கழுவாமல் தின்றேன்,
ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்து, அந்த வெளிச்சத்தில்.
பல்லுக்குக் கூசுகிற குளிர்ச்சி.
விதைகளைத் துப்பத் தட்டைத் தேடினால்
அவன் துப்பியவை ஏற்கெனவே அதில்.

பெர்த் இன்னும் முடிவாகவில்லை.
ஏணி மறுபடி மழையில் கிடக்கிறது.