இரு மடங்கு

மீட்டர் கோல், நூல்கண்டு, சாக்பீஸ் சகிதம்
எட்டாம் வகுப்பை வெளியே கூட்டி வந்தேன்.
சில்வர் ஓக்கின் நிழலை அளந்து
மரத்தின் உயரத்தைக் கண்டுபிடிப்பதாகத் திட்டம்.
நாகலூரில் பதினோரு மணிக்கு மூடுபனி இறங்கியது.
மரத்துக்கும் நிழலில்லை, கோலுக்கும் நிழலில்லை.
"டீச்சர், பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம்
என்ன விகிதம்?" என்றான் பூவரசன்.
பாடத்திட்டத்தில் இல்லை என்று தப்பித்தேன்.

உள்ளே வந்து கட்டம் போட்ட தாளைக் கொடுத்தேன்.
சின்னதாக ஒரு வீடு. அதையே இரு மடங்காக.
கோணம் மாறக் கூடாது, பக்கங்கள் மட்டும் வளரணும்,
மூன்று முறை சொன்னேன்.
ஒருத்தி அகலத்தை மட்டும் பெருக்கினாள்,
வீடு பஸ் ஆனது.
ஒருவன் எல்லாப் பக்கத்தோடும் இரண்டைக் கூட்டினான்,
ஒரு கட்டக் கதவு மூன்று கட்டமாகி
யானை நுழையலாம் போல நின்றது.
கூட்டினால் உருவம் கெடும், பெருக்கினால் கெடாது.
இது எனக்கே உறைத்தது
பி.எட். முடித்து இரண்டு வருடம் கழித்துத்தான்.
அதை அவர்களிடம் சொல்லவில்லை.

பிறகு அந்தக் கேள்வி.
எல்லோரும் தப்பாகச் சொல்வார்கள் என்று
வருடா வருடம் நான் ஆசையாகக் காத்திருக்கும் கேள்வி:
பக்கம் இரு மடங்கானால் பரப்பு?
"ரெண்டு", "ரெண்டு",
பெஞ்சு பெஞ்சாக.
துளசிமணி கட்டத்தை எண்ணவே இல்லை.
"நாலு" என்றாள்.
எப்படி?
"காப்பி காயப்போடுற களத்த டீச்சர்,
போன வருசம் நீளத்துல ரெண்டு மடங்கு
அகலத்துல ரெண்டு மடங்கு இழுத்துட்டாங்க.
முன்னாடி எங்கம்மா ஒருவாட்டி கிளறி முடிக்க
அரை மணி நேரம்.
இப்ப ரெண்டு மணி."

சரியான விடை.
கரும்பலகைக்குத் திரும்பி எழுதினேன்:
பக்கம் 1 : 2
பரப்பு 1 : 4
முதுகுக்குப் பின்னால் பூவரசன்:
"கூலி?"
"கூலி சர்வசமம்டா."
வகுப்பே சிரித்தது. அவளும்தான்.
நான் நான்கின் காலை
கொஞ்சம் நீட்டி இழுத்துக்கொண்டிருந்தேன்.

மாலை பஸ்ஸில் பத்தாம் வளைவில் தெரிந்தது
கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கும் சேலம்.
ஒவ்வொரு வளைவிலும் அது பெருத்தது,
கோணம் மாறாமல்.
நாளைய பயிற்சிக்கு மடியில் நோட்டை வைத்து
தொடங்கினேன்:
"ஒரு செவ்வக வடிவக் களத்தின்..."
டிரைவர் ஒடித்துத் திருப்பினார்.
பேனா
தாளைத் தாண்டிப் போய்விட்டது.