இருபதில் போன வண்டி

அந்தப் படத்தில் காரை ஓட்டியது நான்தான்.
கம்பம்மெட்டுப் பாதை, ஒன்பதாம் வளைவு.
நாயகனின் சட்டை எனக்குத் தொளதொளத்தது,
முதுகில் ஊக்குக் குத்தி இறுக்கினார்கள்.
முகம் தெரியாது. இடது காது மட்டும்
ஒரு கணம் வந்து போகும்.
என் வீட்டுக்காரி கண்டுபிடித்துவிட்டாள்.

அன்று மேலேயும் கீழேயும் பாதையை அடைத்திருந்தார்கள்.
கட்டப்பனைக்குப் போகும் காய்கறி லாரிகள்
அடிவாரத்தில் வாடிக் கிடந்தன.
டேங்கர் தண்ணீரால் தாரை நனைத்தார்கள்,
வழுக்குகிற மாதிரி மின்ன வேண்டுமாம்.
பள்ளத்தின் விளிம்பில் மெத்தை, அட்டைப்பெட்டி,
இடுப்பில் கயிறு கட்டிய நாலு ஆள்.
'இருபதுக்கு மேல போயிராதீங்கண்ணே' என்றான்
சண்டை மாஸ்டரின் உதவியாள்.
போகவில்லை.
பதினேழு தடவை அதே வளைவு, அதே இருபது.
எதிரே பாய்ந்து வரும் லாரி
கல் அண்டக் கொடுத்து நின்றுகொண்டிருந்தது.
மத்தியானம் பிரியாணி. பொழுது சாய, கவரில் மூவாயிரம்.

தியேட்டரில் டயர் கத்தியது.
அன்று கத்தியது சில்வண்டு மட்டும்தான்.
திரைக்குக் கீழே பையன்கள் பேப்பர் கிழித்து வீச
அந்தக் கார், நான் ஓட்டிய கார்,
என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.
என் வலது கால்
சிமெண்டுத் தரையை அழுத்திப் பார்த்தது,
பிரேக் இருக்க வேண்டிய இடத்தில்.

மறுநாள் சாயங்காலம்
வண்டன்மேட்டிலிருந்து இறக்கம்.
ஜீப்பில் பதினாலு பேர்,
விரல்களில் ஏலக்காய்ப் பிசுக்கு,
மடியில் காலித் தூக்குச்சட்டி, சீட்டுக் கணக்கு, சிரிப்பு.
ஒன்பதாம் வளைவு வந்தது.
கால் பிரேக்கில் இல்லை.
ஸ்டியரிங்கில் ஒரு கைதான் இருந்தது,
இன்னொன்று கதவின் மேல், படத்தில் இருந்த மாதிரி.
முள் நாற்பத்தெட்டு.
பதினாலு பேர் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினால்
அது காதை அடைக்கிறது.
'பின்னால எவனும் தொரத்தலையேப்பா'
என்றாள் அன்னமயில், கடைசிச் சீட்டிலிருந்து.
வேறொன்றும் சொல்லவில்லை.
கூடலூர் வரும்வரை யாருமே சொல்லவில்லை.

இப்போது அந்த இடத்துக்குப் படத்தின் பெயர்.
ஞாயிற்றுக்கிழமை பைக்குகள் வருகின்றன,
மலைக்கு அந்தப்பக்கமிருந்தும்.
தடுப்புச்சுவரில் சிராய்ப்பு: சிவப்பு, பச்சை,
போன வாரம் புதிதாய் ஒரு நீலம்.
செக்போஸ்ட் போலீஸ்காரர் கையைத் தாழ்த்தித் தாழ்த்தி
'பதுக்கெ, பதுக்கெ' என்கிறார்.
அதைச் சேர்த்தே படம் பிடிக்கிறார்கள்.

லோகித்திடம் சொன்னேன்.
உத்தமபாளையத்துப் பையன், முழங்கையில் ஆறு தையல்.
'அது இருபதுலதான் போச்சு தம்பி. ஓட்டுனதே நான்தான்.'
சிரித்தான்.
'சும்மா சொல்லாதீங்கண்ணே, நான் பாத்தேன்ல.'

ஏறு என்றேன். ஏறினான்.
ஒன்பதாம் வளைவை இருபதில் திருப்பிக் காட்டினேன்,
இரண்டு கையாலும், ஹாரன் அடித்து,
ஏறி வந்த பால்வண்டிக்கு ஒதுங்கி நின்று.
போனை நீட்டிப் பிடித்தபடியே வந்தான்.
முகத்தைப் பார்த்தால்
ஏதோ புரிந்த மாதிரித்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அன்னமயிலின் மகள் காட்டினாள்.
பால்வண்டியை வெட்டிவிட்டிருந்தான்.
வேகத்தைக் கூட்டி, அடியில் பறை சேர்த்து,
நான் எண்பதில் திரும்புகிறேன்.
முப்பதாயிரம் பேர் பார்த்தாயிற்று.

அன்றைக்கு இறக்கத்தில்
ஜீப் முழுக்க அந்தப் போன் கைமாறியது.
'இதுல நான் எங்கடி?'
'இந்தா, கம்பியப் பிடிச்சிருக்கே, அது ஒன் கைதான்.'
'இன்னொருக்கா போடு.'
போட்டார்கள். மறுபடி போட்டார்கள்.
தலைகள் எல்லாம் குனிந்திருந்தன.
நிஜ வளைவு வந்தது, முள் பதினெட்டில்.
ஒருத்தரும் நிமிரவில்லை.