இரண்டாவது மணி

ஒன்பதரைக்கு கதியாத்து அடிப்பாள்.
நான் எடுக்க மாட்டேன்.
ஒரு மணியோடு வெட்டினால், விழுங்கிவிட்டேன்.
இரண்டு அடிக்க விட்டால், இன்னும் இல்லை.
மூன்று அடித்தால் வெளிக்கிட்டு வந்துவிடுவாள்
பொபினியிலிருந்து, கூட்டித் துடைக்கிற உடுப்போடு.

எங்களுக்குள் பாஷை கிடையாது.
அவளுடையது கினி நாட்டு மலைப்பக்கம்,
என்னுடையது குருநகர்க் கரையில்.
நடுவில் கிடக்கிற பிரெஞ்சை
இரண்டு பேரும் ஓட்டைச் சிரட்டையால் அள்ளுகிறோம்.

லா குர்நெவில் ஓர் அறை. ஐந்து பேர், மூன்று கட்டில்.
போத்தலில் ஒட்டியிருந்த பெயரை நகத்தால் சுரண்டிவிட்டு
தலைமயிர் கொட்டாமலிருக்க என்று சொல்லி வைத்தேன்.
தவபாலன் எனக்கும் இரண்டு தா என்றான்.
அன்றிரவு விடியும்வரை
அவனுடைய வழுக்கைக்குக் காவலிருந்தேன்.

சாப்பாட்டோடுதான் போட வேண்டும் என்றாள் டொக்டர்.
ஒன்பதரைக்கு நான்
முழங்கை மட்டும் மற்றவர்கள் தின்ற மிச்சத்தில் நிற்பேன்.
பிறகு, கேட்காமலே ஒரு தட்டு வரத் தொடங்கியது:
பாண், கொஞ்சம் கிழங்கு,
ஆறாமலிருக்க மேலே கவிழ்த்த இன்னொரு தட்டு.
குசினிக்காரன் லொயிக், திட்டுவதைத் தவிர
என்னோடு வேறொன்றும் பேசாதவன்.
யார் சொன்னது, எவ்வளவு தெரியும்,
இன்றுவரை நான் கேட்கவில்லை.
கேட்டால் தட்டு நின்றுவிடும்.

மாசியில் வழக்கு ரிஜெக்ட்.
நாளைக்குப் பிடித்து அனுப்பப்போகிறவனுக்கு
இன்றைக்கு எதற்குக் குளிசை?
பதினொரு நாள். போனையும் அணைத்து வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள்
பின்கதவடியில், குப்பை வாளிகளுக்கு நடுவில், அவள்.
ஏசவில்லை.
கைப்பைக்குள் துழாவி ஒரு குளிசையை எடுத்தாள்.
தன்னுடையதை.
சங்கத்து ஆள், சம்பளத்துக்கு அடிக்கிறாள்
என்றல்லவா இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.
உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு நின்றாள்,
நீ போடு, பிறகு நான் என்பது போல.
மழை. குளிசை கரையத் தொடங்கியது.
பதினொரு நாளும் காற்சட்டைப் பைக்குள் சுமந்து திரிந்த போத்தலை
நான் திறந்தேன்.
லொயிக் கதவை உதைத்துத் திறந்து
இரண்டு தட்டு வைத்துவிட்டு,
எங்களையல்ல, மழையைத் திட்டிக்கொண்டு போனான்.

ஆவணியில் டொக்டர் சிரித்தாள்:
இரத்தத்தில் தேடினோம், காணக் கிடைக்கவில்லை.
நாலு வருசமாக இந்த நாட்டில் நானும் அப்படித்தான் மடம்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்கான பிரெஞ்சு என்னிடம் இல்லை.

இப்போது இரவு பன்னிரண்டுக்கு
நான் ஒருவனுக்கு அடிக்கிறேன்.
எங்கட ஆள்தான். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பேக்கரியில் வேலை, விடியத்தான் படுப்பானாம்.
நேற்று ஒரு மணியோடு வெட்டினான்.
இன்றைக்கு
இரண்டு அடித்துவிட்டது.

கடைசி ட்ராமும் போய்விட்டது.
இருட்டுக்குள், நாலு பேரின் குறட்டைக்கு நடுவில்,
காலால் தடவி
சப்பாத்தைத் தேடுகிறேன்.