இதர

எங்கள் அட்டவணையில் நான்கு வரிசைகள்:
வங்கிகள், அந்நிய முதலீட்டாளர், பெருநிறுவனங்கள்,
இதர.
இதரவின் முகத்தைப் பார்க்க அனுமதி வாங்கி
பல்லவனில் ஏறிக் காரைக்குடியில் இறங்கினேன்.

முனீஸ்வரன் கோயில் தெரு. சீனி முகமதுவின் கிடங்கில்
கழற்றிய தேக்குத் தூண்கள் படுத்துக் கிடக்கின்றன,
ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் ஓர் எண்.
எனாமல் தூக்குச்சட்டிகள், ரசம் போன கண்ணாடிகள்,
ஆளுக்கொரு நேரம் சொல்லும் பதினேழு கடிகாரங்கள்.
அவர் இவற்றைப் பார்ப்பதில்லை.
கைப்பேசியில் டாலர் பார்க்கிறார்.

முதல் கேள்வி: டெரிவேட்டிவ் எதற்காக?
"லிஸ்பனுக்கு ஒரு கன்டெய்னர் போச்சு.
பணம் அறுபது நாள் கழிச்சு, டாலர்ல.
அதுக்குள்ள டாலர் எறங்கிட்டா?
அதான் முன்னாடியே வித்து வச்சேன்.
சூதாட்டம் இல்லம்மா. பயம்."
பயம் என்று எழுதப் படிவத்தில் கட்டமில்லை.
இடர்காப்பு என்று குறித்தேன்.

அந்தப் புதன்கிழமை டாலர் இறங்கவில்லை,
ஏறியது.
ஏறினால் அவருக்கு நட்டம் இல்லை.
ஐந்தொகை போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் நேர்.
ஆனால் லாபம் ஏடனுக்கு அப்பால் கப்பலில் இருந்தது.
நட்டம் இங்கே, இன்றைக்கு, இரண்டு மணிக்குள்.

தரகு ஆபீசிலிருந்து அருளாந்து கூப்பிட்டான்:
"அண்ணே, மார்ஜின். நாலு லட்சத்துப் பதினெட்டாயிரம்."
நகைக்கடனுக்குப் போனார். சர்வர் படுத்துவிட்டது.
பன்னிரண்டு தூணுக்கு ஆறு மாதமாகப் பேரம் பேசும்
ஓட்டல்காரரை அழைத்தார்.
அவசரம் குரலிலேயே தெரிந்திருக்கும்,
பாதி விலை சொன்னார். அதுவும் நாளைக்கு.
"கையில காசு வாயில தோசைம்பாங்க.
அன்னைக்குக் கையில தேக்கு.
வாயில மண்ணு."

இரண்டு இருபத்திரண்டுக்கு அவர் கணக்கை முடித்தார்கள்,
அன்றைய உச்ச விலையில்.
இரண்டு நாற்பதுக்கு நாங்கள் டாலர் விற்கத் தொடங்கினோம்.
வெள்ளிக்கிழமைக்குள் விலை புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது.
அந்தப் பதினெட்டு நிமிடம் அவருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

எங்கள் அறிக்கையின் இரண்டாம் பத்தி:
சந்தை ஒழுங்காக இயங்கியது.
பொய்யில்லை. நான்தான் எழுதினேன்.

வரும் வழியில் ஓர் ஊருணி பார்த்தேன்.
நிரம்பித்தான் இருந்தது. இறங்குவதற்கு ஒரே படித்துறை.
நீர்மத்தன்மை என்று நாங்கள் அளப்பது நீர்மட்டத்தை.
ஊரே குடத்தோடு வரும் மத்தியானத்தில்
எத்தனை பேர் இறங்க முடியும் என்பதற்கு
எங்களிடம் குறியீட்டெண் இல்லை.
இருக்கிறது, மூன்று இருக்கின்றன.
எதிலும் படி இல்லை.

பதினான்காம் கேள்வி: கையிருப்பு ஏன் வைக்கவில்லை?
"சும்மா கெடக்குற காசு எந்த யாவாரிகிட்ட இருக்கு?
ஒங்க பேங்க் குடுக்குமா?"
உங்களுக்குக் கொடுக்காது, உங்கள் வங்கிக்குக் கொடுக்கும்.
"ரெண்டு மணிக்குள்ளயா?"
டீயை எடுத்துக் குடித்தேன். ஆறியிருந்தது.

கிளம்பும்போது நீல விளிம்பு வைத்த எனாமல் தட்டு ஒன்று வாங்கினேன்.
முந்நூற்று இருபது.
என்னிடம் ஒரே ஐந்நூறு ரூபாய்த் தாள்,
அவரிடம் சில்லறை இல்லை.
கைப்பேசித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
"ஊருக்குப் போயி அனுப்புங்க" என்றார்.
காது மடங்கிய நோட்டில் பேர் கேட்காமலே எழுதினார்:
பேங்க் அம்மா, பற்று 320.
மார்ஜின் கேட்கவில்லை.

புதுக்கோட்டையில் சிக்னல் வந்ததும்
முதல் வேலையாக அனுப்பிவிட்டேன்.
இரண்டாம் பத்தி திறந்தபடி மடியில் இருக்கிறது.
'ஒழுங்காக' என்ற சொல்லுக்குப் பின்னால்
மின்னிக்கொண்டு நிற்கிறது கோடு,
திருச்சி தாண்டியும்.