மைனஸ் ஒன்று

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, ஐசியூ, ஏழாம் படுக்கை.
சேர்க்கைத் தாளில் ஒரு கேள்வி: புகைப்பழக்கம் உண்டா?
இல்லை.
அதன் கீழே வேறொரு பேனாவில்:
பீடி சுற்றுவார், நாற்பத்தோரு வருடம்.

மேலப்பாளையம் செய்யதலி பாத்திமா.
உள்ளே போன காற்று
வெளியே வர வழி தெரியாமல் முட்டும் நெஞ்சு.
முந்தைய மூச்சு வாசல் தாண்டுமுன்
அடுத்த மூச்சு அதன் தலையில் ஏறும்.
திரையில் கோடு பூஜ்யத்தைத் தொடாமலே திரும்பும்.
நிமிடத்துக்குப் பன்னிரண்டு போதும்,
விடுவதற்கு நேரம் கொடு என்றார் டாக்டர் சங்கரகோமதி.
மிஷின் கேட்டது. உடம்பு கேட்கவில்லை.

அதனால்தான் முதல் இரண்டு நாள்
ஆழத்தில் வைத்திருந்தோம்.
பால்போல ஒரு மருந்து, மணிக்கு இத்தனை மில்லி.
உலுக்கினால் லேசாய் ஒரு அசைவு, அவ்வளவுதான். மைனஸ் நான்கு.
கோடுகள் அழகாக இருந்தன.
அழகான கோடுகளை எனக்குப் பிடிக்கும்,
சொல்லிவிடுகிறேன்.
நைட் ட்யூட்டியில் ஐந்து பேருக்கு நான் ஒருத்தி.

மூன்றாம் நாள் விடியலில் பம்பை நிறுத்தச் சொன்னார்.
"தூங்க வச்சே வச்சிருந்தா
நெஞ்சுத் தசையும் தூங்கப் படிச்சிரும், சிஸ்டர்."

நாற்பது நிமிடம். ஒன்றுமில்லை.
பிறகு வலது பெருவிரல்
ஆள்காட்டி விரலில் உரசியது.
இடது கை காற்றில் எதையோ ஏந்தியது.
ட்யூபைப் பிடுங்கப் போகிறார்.
கட்டுத்துணி என் ஒரு கையில்,
மறு கை பம்பின் பொத்தானில்.

கையெழுத்துப் போட உள்ளே வந்த மகள்
நூர்ஜமீலா, செருப்பில்லாத காலோடு
கதவருகே நின்று சொன்னாள்:
"கெட்டாதீங்க சிஸ்டர்.
உம்மா சுத்துதாவ."

இலை. தூள். உருட்டு.
நூல் இரண்டு சுற்று. வாயை மடக்கு.
மடியில் முறம் மட்டும் இல்லை.
பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இமை விலகியது,
என்னைப் பார்த்தது, பதினைந்து நொடி இருக்கும்,
வேலை கெட்டுப்போன எரிச்சலோடு மூடிக்கொண்டது.
மைனஸ் ஒன்று என்று எழுதினேன்.

டாக்டர் கையைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார்.
கோடு இறங்கியது, இன்னும் இறங்கியது,
பூஜ்யத்தில் ஒரு கணம் உட்கார்ந்தது.
"இப்படியே இருக்கட்டும். வலிக்கு மட்டும் கொஞ்சம் போங்க."

ஜமீலா உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
விரல்கள் சட்டென்று நின்றன.
நான் மானிட்டருக்குத் திரும்பினேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
"இருவத்திரெண்டு" என்றாள்.
"கட்டுக்கு இன்னும் மூணு வேணும்."

ஆறாம் படுக்கையில் அலாரம் அடித்தது.
போகாமல் ஒரு மூச்சு நேரம்
அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.