எண்ணூற்று மூன்று புள்ளி ஐந்து

அரோசா கழிமுகத்தில் மூன்றாம் நாளாக மழை.
மிதவைகளின் அடியில் கயிறு கயிறாய்
கறுத்த சிப்பிகள்
வாய் திறந்து கடலைக் குடித்துக்கொண்டிருக்கின்றன.

அதில் ஒரு கைப்பிடியை அரைத்து
மெத்தனாலில் குலுக்கி வடித்துக்
குப்பியில் அடைத்திருக்கிறாள் சபேலா.
குப்பிக்குள் பெருங்கூட்டம்:
கொழுப்பு, உப்பு, பாசியின் நிறம்,
நேற்றுப் போன படகின் டீசல்கூட இருக்கலாம்.
நடுவில் எங்கோ
வயிற்றைக் கலக்கும் அந்த இரண்டு பேர்.

பம்பு முனகுகிறது.
பத்து சென்டிமீட்டர் எஃகுக் குழாய்,
உள்ளே மாவினும் நுண்ணிய மணிகள்.
மணியோடு ஒட்டி உறவாடுகிறவை பின்தங்கும்,
ஓட்டத்தோடு போகிறவை முந்தும்.
நீ யார் என்று குழாய் கேட்பதில்லை.
எப்போது வந்தாய் என்பதோடு சரி.

வாசலில் தட்டில்லாத தராசு.
வருகிறவனுக்கு மின்னூட்டி
வெற்றிடத்தில் பறக்கவிட்டு எடை பார்க்கும்.
பிறகு உடைத்து
துண்டையும் எடை பார்க்கும்.

ஒக்கடாயிக் அமிலம்:
எண்ணூற்று மூன்று புள்ளி ஐந்து.
அதன் இரட்டை:
எண்ணூற்று மூன்று புள்ளி ஐந்து.
உடைத்தாலும் அதே துண்டு, இருநூற்று ஐம்பத்தைந்து.
தராசு மட்டும் போதுமென்று விட்டால்
இருவருக்கும் ஒரே பெயர், ஒரே குற்றம்.
இரண்டாமவன் கொஞ்சம் சாது,
பத்துக்கு ஆறு பங்குதான் விஷம்.

பதினொன்றே கால்.
போன் மேசையில் ஊர்கிறது.
அக்கா கணவன் எலாடியோ:
ஏழு மிதவை, வங்கிக் கடன், திங்கட்கிழமை லாரி.
அவள் எடுக்கவில்லை.

திரையில் ஒரே மேடு.
மொத்தம் நூற்று எண்பது. எல்லை நூற்று அறுபது.
ஆனால் மேட்டின் வலத்தோள் சற்றே சரிந்திருக்கிறது,
ஒரு போர்வைக்குள்
இன்னொரு ஆளும் படுத்திருப்பதுபோல.

குழாயை மாற்றினாள்.
கரைப்பானின் ஓட்டத்தை மெதுவாக்கினாள்.
மறுபடி ஊசி.
வெந்நீர் வைத்தாள், குடிக்க மறந்தாள்.

ஐந்தாம் நிமிடத்தில் ஒருவன்.
ஐந்தரையில் மற்றவன்.
நடுவே தரைவரை இறங்கிய பள்ளம்,
அவள் இன்று பார்த்தவற்றில் அழகானது அதுதான்.

நூற்று நாற்பது. நாற்பது.
நாற்பதுக்கு இருபத்து நான்கு என்று வைத்தால்
நூற்று அறுபத்து நான்கு.

நான்கு.
விரலால் கூட்டினாள். தாளில் கூட்டினாள்.
புதுக் குப்பியில் மூன்றாம் தடவையும் ஓட்டினாள்.
நான்கு அங்கேயே இருந்தது.

மிதவைகளை மூடச் சொல்லும் தாளில் கையெழுத்திட்டு,
அது மேலிடம் போன பிறகு
எலாடியோவை அழைத்தாள்.
எதையும் கேட்கத் துணியாமல்
அங்கே மழை விட்டுவிட்டதா என்றான்,
ஒரே கழிமுகத்தின் அடுத்த கரையிலிருந்து.

இல்லை என்றாள்.
சரி என்றான்.