சூடும் சொரணையும்

மூன்று நாள் வகுப்பு. வார்சாவுக்கு மேற்கே,
தண்டவாளம் ஓரம், மூடிய பல்பு ஆலையின் இரண்டாம் மாடி.
பதினோரு பேர் வந்திருந்தோம்.
நான் சரக்கு ரயிலின் அச்சுகள்
கொதிக்கின்றனவா என்று பார்ப்பவன்.
சூடு சொரணை இல்லாதவன் என்று
வீட்டில் வாங்கிய திட்டுக்குப் பொருத்தமாக
அதையே படிக்க அனுப்பியது இலாகா.
பக்கத்தில் யாகோடா,
போர்க்காலப் பதுங்கறைகளில் வௌவால் எண்ணுபவள்.
பின்வரிசையில் தீயணைப்புக்காரர் இருவர்,
காலையிலிருந்தே தூக்கம்.

கற்பிக்க இருவர்.
ஹல்ஷ்கா, குளிரூட்டிய உணர்விகளின் கட்சி.
செவெரின், குளிரூட்டாதவற்றின் கட்சி.
இருபது வருஷமாக ஒரே மேடை, ஒரே சண்டை,
அதற்குக் கட்டணமும் வசூலித்துவிடுகிறார்கள்.

“பாதரசம், காட்மியம், டெல்லூரியம்.
காட்மியம் ஒரு சிட்டிகை கூடினால்
அது பார்க்கும் உலகமே வேறு” என்றாள் ஹல்ஷ்கா.
குடுவையில் திரவ நைட்ரஜனை ஊற்றினாள்.
வெண்புகை மேசை விளிம்பில் வழிந்து
எங்கள் பூட்ஸைச் சுற்றிக்கொண்டது.
“எழுபத்தேழு கெல்வின். ஏன் இத்தனை குளிர்?
தன் சூட்டிலேயே தத்தளிக்கிற கண்
அடுத்தவர் சூட்டை எப்படிப் பார்க்கும்?
ஒன்றுமே விழாதபோதும் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கும்,
இருள் மின்னோட்டம் என்று பெயர்.
அதை அடக்கத்தான் இவ்வளவு பாடு.”
ஒரு தீயணைப்புக்காரர் கண்விழித்து
அதை மட்டும் எழுதிக்கொண்டார்.

செவெரினுக்குக் குடுவை வேண்டாம், புகை வேண்டாம்.
கைக்கு அடங்கிய கேமரா, ஒரு கண்ணாடித் தகடு.
தகட்டை முகத்துக்கு முன் பிடித்தார்,
திரையில் முகம் அழிந்தது.
கறுப்புக் குப்பைப் பையைப் பிடித்தார்,
மூக்கு, மீசை, சிரிப்பு எல்லாம் வந்தன.
“கண்ணாடிதான் சுவர். குப்பைப் பைதான் ஜன்னல்.
வீட்டுக்குப் போய் யோசியுங்கள்.”
“மங்கலான ஜன்னல்” என்றாள் ஹல்ஷ்கா, தலை நிமிராமல்.

மூன்றாம் நாள்.
இடைவேளையில் சிகரெட் பிடிக்கப் போன செவெரின்
தோளில் பனித்தூளோடு வந்தார்.
“இதோ, ஒரு கை” என்று கேமராமுன் விரித்தார்.

கட்டைவிரல் இருந்தது. சுட்டுவிரல் இருந்தது.
சுண்டுவிரல் ஓரமாக, தனியாக.
நடுவில் இரண்டு இல்லை.
அங்கே சுவரின் நிறம்.

யாரோ சிரித்தார்கள்.
ஹல்ஷ்கா திருகை நோக்கிப் பாய்ந்தாள்:
“அளவுத்திருத்தம் கெட்டுவிட்டது.”
“அளவு சரி.” கையை அவர் எடுக்கவில்லை.
“குளிரில் ரத்தம் அங்கே போவதில்லை.
நாலு வருஷமாயிற்று.”
“என்னிடம் சொல்லவில்லையே.”
“நீ கேட்டதெல்லாம் இரைச்சலைப் பற்றித்தானே.”

மேலே குழல்விளக்கு ரீங்கரித்தது.
நாங்கள் குறிப்பேட்டைப் பார்த்தோம்.

“என் வௌவால்களும் ஜனவரியில் இப்படித்தான்,”
யாகோடா கையைத் தூக்காமலே பேசினாள்.
“சுவரும் அவையும் ஒரே சூடு.
கேமராவில் ஒன்றுமே இருக்காது.
டார்ச்சோடு போய், ஒவ்வொன்றாக எண்ணுவேன்.
போன வருஷம் எழுநூற்றுப் பன்னிரண்டு.”

ஹல்ஷ்கா தன் தேநீர்க் கோப்பையை
அவர் பக்கம் நகர்த்தினாள். வாங்கிக்கொண்டார்.
கேமராவை யாரும் அணைக்கவில்லை,
யாரும் திரையைப் பார்க்கவும் இல்லை.
“அடுத்த பாடம், வேறுபாடு,” என்றாள்.
“பின்னணியும் பொருளும் ஒன்றானால்
கருவி சொல்வது ‘இல்லை’ அல்ல.
‘எனக்குத் தெரியவில்லை.’”
இதைத் தீயணைப்புக்காரர் இருவருமே எழுதினார்கள்.

சான்றிதழில் என் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள்.

அடுத்த வாரம், குட்னோ தாண்டி, நள்ளிரவு.
நிலக்கரி வண்டி, நாற்பத்து மூன்று பெட்டி.
எல்லா அச்சும் திரையில் இளமஞ்சள்,
ஒன்று மட்டும் இரவோடு இரவாக.
சூடென்றால்தான் மணி அடிக்கும்; அடிக்கவில்லை.
சிவப்பு விளக்குப் போட்டேன்.
சரளைக்கல்லில் இறங்கி நடந்து,
கையுறையைக் கழற்றினேன்.